நெல் சுணை, ஹோமப் புகை, உப்புக் காற்று: கேமரா சென்சாரைத் துடைக்க எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

கேமராவுக்குள் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரைத் துடைக்க எந்த கிட் நல்லது என்று கேட்பவரிடம் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது, சென்சாரில் ஒட்டியிருப்பது என்ன என்பதைத்தான். மன்னார்குடிப் பக்கம் தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும் வயலோரம் லென்ஸ் மாற்றியவரின் சென்சாரில் இருப்பது ஒன்று. கும்பகோணத்தில் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஹோம குண்டத்துக்குப் பக்கத்தில் நின்று படமெடுப்பவரின் சென்சாரில் படிந்திருப்பது வேறு. கோடியக்கரைக்குப் பூநாரை எடுக்கப் போனவருக்கு இரண்டும் இல்லாத மூன்றாவது பிரச்சினை. மூன்றுக்கும் ஒரே பொருளை விற்கிறார்கள், மூன்று பேரும் அதையே வாங்குகிறார்கள், அதில் இரண்டு பேருக்காவது சென்சார் முன்னைவிட மோசமாகிறது.

கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் முறைகளை இங்கே டெல்டாவின் தூசியையும் ஈரத்தையும் வைத்து எடைபோட்டிருக்கிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். காற்று ஊதும் ரப்பர் பந்தான ப்ளோயர், நல்லதாக ஒன்று, எல்லாரிடமும் இருக்க வேண்டும். வயல், களம், ஆற்று மணல் என்று சுற்றுபவர்கள் தூசியை ஒட்டி எடுக்கும் ஜெல் ஸ்டிக் வாங்கலாம். கல்யாண போட்டோகிராபர்களுக்கும் கடலோரம் எடுப்பவர்களுக்கும் ஈர ஸ்வாப், அதாவது திரவம் விட்டுத் துடைக்கும் துணி நுனிக் குச்சி, தவிர்க்க முடியாதது. மின்னேற்றப் பிரஷ் நம் ஊருக்குச் செலவுக்கேற்ற பலன் தராது. கேனில் அடைத்து விற்கும் காற்றையும் பஞ்சர் கடைக் கம்ப்ரசரையும் கேமராவின் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது.

தூசியா, கறையா, உள்ளே போனதா

நாம் துடைப்பது சென்சார் சிப்பை அல்ல, அதன் முன்னால் இருக்கும் ஃபில்டர் கண்ணாடியை. அதன் மேல் மெல்லிய கோட்டிங் உண்டு. கீறல் விழுவதும் திட்டுத்திட்டாக உரிவதும் இந்தக் கோட்டிங்தான். அந்தக் கண்ணாடியை மட்டும் தனியாக மாற்றித் தருவது அரிது. பெரும்பாலும் சென்சார் பகுதி முழுவதையும் மாற்றச் சொல்வார்கள், அந்தச் செலவைக் கேட்டால் பழைய கேமரா பாடி ஒன்றை வாங்கிவிடலாம் போலிருக்கும்.

தூசி சிப்பிலிருந்து சற்று முன்னால் உட்கார்ந்திருப்பதால், லென்ஸின் ஒளித்துளையான அபர்ச்சர் அகலமாகத் திறந்திருக்கும்போது அதன் நிழல் கரைந்துவிடும். எஃப் 2.8 என்ற அகலத் திறப்பில் வருஷம் முழுக்கக் கல்யாணம் எடுப்பவருக்கு ஒரு புள்ளியும் தெரியாது. அவரே தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை வானத்தோடு சேர்த்து, துளையை எஃப் 11-க்குச் சுருக்கி எடுத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெயிலில் வீடியோ எடுக்கும்போது வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடாமல் எஃப் 16 வரை மூடுபவர்களும் இதே சிக்கலில் விழுகிறார்கள். அவர்களில் பலருக்குத் தேவை ஒரு என்டி ஃபில்டர்தான், சென்சார் சுத்தம் பிறகு.

சோதனைப் படம் இப்படி எடுக்க வேண்டும். அபர்ச்சர் பிரயாரிட்டி, எஃப் 16 அல்லது எஃப் 22, ஐஎஸ்ஓ 100. ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி வேண்டுமென்றே தவறவிட வேண்டும். வெள்ளைச் சுவரையோ ஒரே சீரான வானத்தையோ ஒரு ஸ்டாப் கூடுதல் எக்ஸ்போஷரில் எடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவை மெல்ல நகர்த்தினால் சுவரின் சொரசொரப்பு அழிந்துவிடும், சென்சாரில் உள்ளது மட்டும் அசையாமல் நிற்கும். கம்ப்யூட்டரில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பாருங்கள்.

இதில் வடிவம் முக்கியம். கறுப்பாக, ஓரம் தெளிவாக, நூல்போலவோ முள்போலவோ இருந்தால் காய்ந்த தூசி அல்லது நார். வட்டமாக, நடுவில் வெளிறி ஓரத்தில் வளையம் கட்டியிருந்தால் எண்ணெய்த் துளி அல்லது காய்ந்த நீர்த் துளி. ஒரு பகுதி முழுக்க மங்கலாகத் திரைபோட்டதுபோல் இருந்தால் புகைப்படலம். எஃப் 4-இலும்கூட மறையாமல் கூர்மையாக நிற்கும் புள்ளி, இரண்டு முறை துடைத்தும் இம்மியும் நகரவில்லை என்றால் அது ஃபில்டருக்கு அடியில் போய்விட்டது. அதை வீட்டில் எடுக்க முடியாது. மூன்றாவது முறை துடைப்பது கோட்டிங்கைத் தேய்ப்பதில்தான் முடியும்.

இன்னொன்றை நினைவில் வைத்தால் தேடும் வேலை குறையும். கேமராவை நேராக நிமிர்த்தி, லென்ஸ் பொருத்தும் வாயான மவுண்ட் வழியாக முன்னாலிருந்து பார்க்கும்போது, படத்தின் மேல் பகுதியில் தெரிந்த புள்ளி சென்சாரின் கீழ்ப் பகுதியில் இருக்கும். இடம் வலம் மாறாது. படத்தில் இடது மேல் மூலை என்றால், சென்சாரில் இடது கீழ் மூலை.

ப்ளோயர்: முதல் செலவு இதில்

பெரும்பாலான காய்ந்த தூசி ப்ளோயரிலேயே போய்விடும். கேனான், சோனி, ஃபுஜி கையேடுகள் பயன்படுத்துபவரே செய்யலாம் என்று அனுமதிக்கும் முறையும் இதுதான். கேனான் கையேடு, பிரஷ் பொருத்திய ப்ளோயர் கூடாது, முனை மவுண்டைத் தாண்டி உள்ளே போகக்கூடாது, அழுத்தக் காற்றோ வாயுவோ கூடாது என்று தெளிவாகவே எச்சரிக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. பந்து பெரிதாக, உள்ளங்கை நிறைய இருக்க வேண்டும். லென்ஸ் துடைக்கும் கிட்டில் இலவசமாக வரும் எலுமிச்சை அளவுப் பந்தில் வேகமே வராது. பின்பக்கம் காற்று உள்ளிழுக்கத் தனி வால்வு இருப்பது அவசியம். ஜியோட்டோஸ் ராக்கெட் மாதிரியில் அது அடியில் இருக்கிறது. வால்வு இல்லாத பந்து, முனை வழியாகவே காற்றை இழுக்கும். அதாவது நீங்கள் ஊதிக் கிளப்பிய தூசியையே உறிஞ்சி மறுபடி சென்சார் மேல் துப்பும். மூன்றாவது, முனை பந்தோடு இறுகப் பொருந்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். மலிவான மாதிரிகளில் வேகமாக அழுத்தும்போது பிளாஸ்டிக் முனை கழன்று நேராக சென்சாரில் போய் அடிக்கும். தூசியால் வரும் சேதத்தைவிட இது பெரிய சேதம்.

புது ப்ளோயரை வாங்கிய கையோடு கேமராவுக்குள் ஊதக் கூடாது. சில பந்துகளின் உள்ளே ரப்பர் ஒட்டாமல் இருக்கத் தூவிய மாவு மிச்சமிருக்கும். ஐம்பது அறுபது முறை வெறுமனே அழுத்தி வெளியேற்றிவிட்டு, சுத்தமான முகம் பார்க்கும் கண்ணாடி மேல் ஊதிப் பாருங்கள். வெள்ளையாக எதுவும் படியாத வரைக்கும் அது கேமராவுக்குத் தயாராகவில்லை. வேலை முடிந்ததும் ஜிப் கவரில் போட்டு வைக்க வேண்டும். பையின் அடியில் கிடக்கும் ப்ளோயர் பையின் தூசியைத்தான் ஊதும்.

வீட்டில் செய்யும்போது சீலிங் ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். தரையை ஈரத்துணியால் துடைத்துக் கால் மணி நேரம் விட்டால் காற்றில் மிதப்பது அடங்கும். முதலில் கேமராவின் வெளிப்புறம், மவுண்ட் வளையம், பாடி மூடியின் உட்புறம், லென்ஸின் பின்பக்கம் எல்லாவற்றையும் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். இதைத் தவறவிடுபவர்கள்தான் "நேற்றுதான் துடைத்தேன், இன்றைக்கு மறுபடி வந்துவிட்டது" என்கிறார்கள். பாடி மூடியின் உள்விளிம்பில் தங்கும் தூசி, மூடியைத் திருகும் ஒவ்வொரு முறையும் உள்ளே கொட்டுகிறது.

பிறகு மெனுவில் சென்சார் கிளீனிங் பகுதிக்குப் போக வேண்டும். சென்சாருக்கு முன்னால் மிரர் இருக்கும் டிஎஸ்எல்ஆர் என்றால் அந்த மிரரைத் தூக்கிப் பிடிக்கும் வசதி அங்கே இருக்கும். பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். பட்டனை அழுத்தியிருக்கும் வரை மட்டும் ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் மோடில், அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊதுவது பழைய கெட்ட பழக்கம். விரல் நழுவினால் ஷட்டர் இதழ்கள் ப்ளோயர் முனையிலோ ஸ்வாபிலோ மோதும். மிரர்லெஸ்ஸில் சில மாடல்கள், கேனான் ஆர் வரிசையில் பலவும், அணைத்ததும் ஷட்டரை மூடிவிடும். அந்த மூடிய ஷட்டரின் மேல் வேகமாக ஊதுவதுதான் மிரர்லெஸ்ஸில் நடக்கும் பெரிய விபத்து. மிக மெல்லிய இதழ், தடத்திலிருந்து விலகிவிடும். சென்சார் கண்ணுக்குத் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே ஊதுங்கள்.

கேமராவைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்து, கீழேயிருந்து மேல்நோக்கிப் பத்துப் பதினைந்து முறை ஊதினால் போதும். முனை மவுண்டுக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும். நிக்கான் இசட் மவுண்டில் சென்சார், மவுண்ட் விளிம்பிலிருந்து 16 மி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது, சோனி ஈ மவுண்டில் 18, கேனான் ஆர்எஃப்பில் 20. டிஎஸ்எல்ஆரின் 44, 46.5 மி.மீ. ஆழத்துக்குப் பழகிய கை, மிரர்லெஸ்ஸில் முனையைச் சென்சாரிலேயே இடித்துவிடும்.

கேமராவுக்குள்ளேயே இருக்கும் அதிர்வு வசதியையும் இதனோடு சேர்த்துச் சொல்லிவிடலாம். 2003-இல் ஒலிம்பஸ் ஈ-1 கேமராவில் வந்து, 2006-இல் கேனான் 400டி வழியாகப் பரவலான இந்த முறை, புதிதாக விழுந்த காய்ந்த தூசியை உதறுவதில் உண்மையிலேயே கெட்டி. ஆனால் ஈரப்பதத்தில் இரண்டு நாள் ஊறி ஒட்டிக்கொண்டதை அது அசைக்காது. அணைக்கும்போதும் இயக்கும்போதும் தானாக இயங்கும்படி அமைப்பை ஆன் செய்தே வைத்திருங்கள்.

சுணைக்கு ஜெல் ஸ்டிக்

அறுவடை மெஷின் வயலில் இறங்கும்போது கிளம்புவது வெறும் மண் தூசி இல்லை. பதர், வைக்கோல் துகள், உமியின் மேல் முளைத்திருக்கும் சுணை எல்லாம் சேர்ந்த கலவை. கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும் இடத்திலும் இதே கதை. சுணை உடம்பில் பட்டால் ஏன் அரிக்கிறது என்றால், அது சிலிக்கா ஏறிய முள். உமியை எரித்தால் அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். காவிரிப் படுகையின் காய்ந்த மணலும் குவார்ட்ஸ், கண்ணாடியைவிடக் கடினம். மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்கு முன்னால், கோடையில் ஆற்றுக்குள் இறங்கிப் படமெடுப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இவற்றை அப்படியே வைத்துக்கொண்டு ஈர ஸ்வாபை இழுத்தால், ஸ்வாபின் அடியில் சிக்கிய துகள் சென்சாரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கோடு போடும். லென்ஸ் மாற்றிய இடம் வயலாக இருந்தால் ஸ்வாபைக் கையில் எடுக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சுணையை லூப் என்ற பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் சின்னக் கொக்கி மாதிரி வளைந்து ஒரு முனையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். காற்று அடிக்கும்போது ஆடும், ஆனால் விடாது. அந்த இடத்தில் ஜெல் ஸ்டிக் அருமையாக வேலை செய்கிறது. ஒரு பிளாஸ்டிக் கைப்பிடியின் நுனியில் பிசுபிசுப்பான ஜெல் குமிழ். தேய்ப்பதில்லை, வைத்து எடுப்பதுதான். துகள் இழுபடாமல் மேலே வருவதால் கீறலுக்கு வழி மிகவும் குறைவு. பென்டாக்ஸ் தன் பெயரிலேயே இப்படி ஒரு கிட் விற்கிறது. ஐலீட் போன்ற நிறுவனங்களுடையதும் சந்தையில் உண்டு.

முறை: ஜெல்லை முதலில் உடன் வரும் ஒட்டுத் தாளில் ஒருமுறை அழுத்தி எடுக்க வேண்டும். பிறகு சென்சாரின் ஒரு மூலையில் செங்குத்தாக வைத்து, ஜெல் லேசாகப் பரவும் அளவு அழுத்தி, நேராக மேலே தூக்க வேண்டும். திருகவோ நகர்த்தவோ கூடாது. இரண்டு மூன்று முறைக்கு ஒருதரம் ஒட்டுத் தாளில் அழுத்தி, எடுத்த தூசியை அதில் விட்டுவிட வேண்டும். இதைத் தவிர்த்தால் ஒரு மூலைத் தூசியை இன்னொரு மூலைக்கு இடம் மாற்றுவதாகத்தான் முடியும். முழு ஃபிரேம் சென்சாரை வரிசையாக முடிக்கப் பத்து நிமிடம் ஆகும், அவசரப்பட வேண்டியதில்லை.

கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி சென்சாரிலேயே இருக்கும் கேமராக்களில் சென்சார் மிதந்தபடி இருக்கும். தூக்கும்போது சென்சாரும் கூடவே இழுபடுவதுபோல் தெரிந்தால் ஸ்டிக்கைச் சற்றே சாய்த்து ஓரத்திலிருந்து விடுவியுங்கள், வெடுக்கென்று பிடுங்க வேண்டாம். கேமராவில் தனியாக கிளீனிங் மோடு இருந்தால் அதைப் போட்ட பிறகே தொடங்குங்கள்.

ஜெல்லின் குறைகள் இரண்டு. எண்ணெய்க் கறையையும் காய்ந்த நீர்த் தடத்தையும் அது எடுக்காது. எண்ணெயில் ஒருமுறை வைத்துவிட்டால் ஜெல்லே கெட்டு, அடுத்து வைக்கும் இடமெல்லாம் தடம் பதிக்கும். இரண்டாவது, மலிவான நகல்கள் ஜெல்லின் படலத்தைக் கண்ணாடியில் விட்டுப்போகின்றன. சித்திரை வெயிலில் காருக்குள் கிடந்து இளகிய ஜெல்லையும் நம்பக் கூடாது. வாங்கியதும், லென்ஸின் முன்னால் மாட்டும் பழைய யூவி ஃபில்டர் ஒன்றில் பத்து இடத்தில் வைத்து எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வட்டமாகத் தடம் தெரிந்தால் அந்த ஸ்டிக்கைக் குப்பையில் போடலாம்.

மின்னேற்றப் பிரஷ் பற்றி இரண்டு வார்த்தை. விசிபிள்டஸ்ட் ஆர்க்டிக் பட்டர்ஃபிளை போன்றவற்றில் மோட்டாரைச் சுழலவிட்டு இழைகளில் நிலைமின்சாரம் ஏற்றி, மோட்டாரை நிறுத்திய பிறகு சென்சாரில் ஒருமுறை வருடுவார்கள். வறண்ட ஊரில் நன்றாக வேலை செய்யும் உத்தி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மயிலாடுதுறையில் நிலைமின்சாரம் எங்கே நிற்கப் போகிறது? காற்றின் ஈரத்தில் அது நொடியில் வடிந்துவிடும், பிறகு அது வெறும் பிரஷ். அதோடு, மவுண்டைச் சுற்றியிருக்கும் பகுதிகளில் பூசிய கிரீஸில் ஓர் இழை பட்டுவிட்டால் சென்சார் முழுக்க எண்ணெய்க் கோடு. மேக்கப் பிரஷ், பெயின்ட் பிரஷ் பற்றிக் கேட்கவே வேண்டாம். சென்சாருக்கென்று வரும் முக்கோண நுனி லென்ஸ் பென், ஒற்றைக் கறையை மட்டும் குறிவைத்து எடுக்க உதவும். சட்டைப்பையில் செருகும் சாதாரண லென்ஸ் பென் அதற்கு மாற்று அல்ல.

ஹோமப் புகைக்கும் உப்புக்கும் ஈர ஸ்வாப்

நெய்யும் சமித்தும் எரியும் புகையில் எண்ணெய்த் துளிகள் மிதக்கின்றன. கற்பூரம் எரியும்போது நிறையக் கரி வருகிறது. சாம்பிராணி இன்னொரு பக்கம். தாலி கட்டும் நேரத்தில் அவசரமாக லென்ஸ் மாற்றும்போது இவை உள்ளே போய், மெல்லிய பிசுக்காகப் படிகின்றன. அந்தப் பிசுக்கில் விபூதித் தூளும் அட்சதை மாவும் வந்து ஒட்டும். இதை ஊதி எடுக்க முடியாது. டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு ஷட்டர் பொறியிலிருந்து தெறிக்கும் எண்ணெயும் சேரும். 2012-இல் வந்த நிக்கான் டி600 இதற்குப் பேர்போனது. 2014-இல் அந்த மாடலின் ஷட்டரை இலவசமாக மாற்றித்தர நிறுவனமே முன்வந்தது.

ஈர ஸ்வாபில் தப்பு நடக்கும் இடங்கள் அதிகம் என்பதால் இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

அளவு முதலில். முழு ஃபிரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ., அதற்கு 24 மி.மீ. ஸ்வாப். ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் 15 முதல் 16 மி.மீ., அதற்கு 16 மி.மீ. ஸ்வாப். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் 13 மி.மீ. உயரத்துக்கு இன்னும் குறுகியது வேண்டும். ஒரே இழுப்பில் மேலிருந்து கீழ்வரை மூட வேண்டும் என்பதுதான் கணக்கு. முழு ஃபிரேமுக்குச் சிறிய ஸ்வாபை வாங்கி இரண்டு இழுப்பாக இழுத்தால் நடுவில் சேர்மானக் கோடு நிற்கும், அது படத்தில் தெரியும்.

ஸ்வாபைத் தனித்தனியாக, காற்றுப் புகாமல் அடைத்த பாக்கெட்டில் தருபவர்களிடம் மட்டும் வாங்குங்கள். விஎஸ்ஜிஓ, கே அண்ட் எஃப் கான்செப்ட், ஃபோட்டோகிராஃபிக் சொல்யூஷன்ஸ் எல்லாமே அப்படி வருபவை. முதல் இரண்டும் விலை குறைவு, வேலையில் குறைவில்லை. மாதம் ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கும் கல்யாண போட்டோகிராபருக்கு அவையே போதும். டப்பாவில் மொத்தமாகப் போட்டு வரும் பெயர் தெரியாத ஸ்வாபின் ஓரத்தை லூப்பில் பார்த்தால் நூல் பிரிந்து நிற்பது தெரியும். காதுக்குப் போடும் பட்ஸ், கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் இரண்டும் அறவே வேண்டாம்.

அடுத்தது திரவம். எக்லிப்ஸ் என்று விற்பது மிகத் தூய மெத்தனால். எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகக் கரைத்து, தடம் விடாமல் பறந்துவிடும். ஆனால் மெத்தனால் கொடிய விஷம், சட்டெனத் தீப்பற்றும். விளக்கோ கற்பூரமோ எரியும் அறையில் பாட்டிலைத் திறக்கக் கூடாது, குழந்தைகள் கை எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது, விமானப் பயணத்தில் எடுத்துப்போகவும் முடியாது. விசிபிள்டஸ்டின் ஸ்மியர் அவே, எண்ணெய்க் கறைக்கென்றே வருவது.

நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரைக்காரர்களுக்குக் கணக்கு வேறு. கடற்காற்றில் வரும் நுண்ணிய துளி சென்சாரில் காய்ந்தால் மிஞ்சுவது உப்பு. உப்பு தண்ணீரில் கரையும் அளவுக்கு மெத்தனாலில் கரையாது. ஆல்கஹால் திரவத்தை மட்டும் வைத்துத் தேய்த்தால் உப்புப் படிகம் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அதற்குத் தண்ணீர் அடிப்படையிலான சென்சார் திரவத்தால் முதல் ஸ்வாப், அது காய்ந்த பிறகு ஆல்கஹால் திரவத்தால் இரண்டாவது ஸ்வாப் என்ற வரிசைதான் சரி. ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸைக் கழற்றி, சென்சாரில் பனி படிந்து காய்ந்த நீர்த் தடங்களுக்கும் இதே வரிசை பொருந்தும். ஏசியிலிருந்து வெளியே வரும்போது கேமராவைப் பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டு வெளிச்சூட்டுக்குப் பழக்கினால் அந்தத் தடமே வராது.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 70 சதவீதம் என்று எழுதியிருந்தால் மீதி பெரும்பாலும் தண்ணீர், அது தடம் விடும். சானிட்டைசராக விற்பதில் கிளிசரினும் வாசனையும் கலந்திருக்கும். 99 சதவீதம்கூட, நம் ஊர்க் காற்றில் மூடியைத் திறந்து திறந்து மூடினால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எந்தத் திரவமாக இருந்தாலும் சோதனை ஒன்றுதான்: சுத்தமான யூவி ஃபில்டரில் ஒரு சொட்டு விட்டு, தானாகக் காயவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். வளையம் நின்றால் அந்தப் பாட்டில் வேண்டாம். ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய பாட்டிலை, விலை உயர்ந்ததாக இருந்தாலும், இப்படிப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

இனி இழுப்பு. ப்ளோயரால் ஊதி, லூப்பில் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் துகள் ஒன்றும் இல்லை என்ற பிறகே ஸ்வாப் பாக்கெட்டைக் கிழிக்க வேண்டும். ஸ்வாபின் ஓர விளிம்பில் 24 மி.மீ. என்றால் இரண்டு சொட்டு, 16 மி.மீ. என்றால் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. ஐந்து முதல் பத்து நொடி விட்டால் திரவம் துணியில் சமமாகப் பரவும். சென்சாரின் இடது ஓரத்தில் ஸ்வாபை வைத்து, இழுக்கும் பக்கமாகச் சற்றுச் சாய்த்து, தண்டு மிக லேசாக வளையும் அளவு அழுத்தம் கொடுத்து, மூன்று நான்கு நொடியில் வலது ஓரம் வரை நிற்காமல் இழுங்கள். நடுவில் தூக்கக் கூடாது. பிறகு ஸ்வாபைத் திருப்பி, தொடாத மறுபக்கத்தால் வலமிருந்து இடமாக ஒரு இழுப்பு. அவ்வளவுதான், அந்த ஸ்வாபின் வேலை முடிந்தது. விலையை நினைத்து மறுபடி உபயோகித்தால், முதல் இழுப்பில் எடுத்த துகளாலேயே கீறுவீர்கள்.

சொட்டின் அளவு சரியா என்பது இழுப்பின் பின்னாலேயே தெரியும். ஸ்வாப் கடந்த இடம் சில நொடியில் தானாகக் காய்ந்தால் சரி. ஈரம் தேங்கி நின்றால் அதிகம். சென்சார் சட்டத்தின் ஓரத்தில் வழிந்து, காயும்போது கரைகட்டி நிற்கும், ஓர இடுக்கிலும் இறங்கும். ஸ்வாப் தடுக்கித் தடுக்கி நகர்ந்தால் குறைவு. காய்ந்த துணி கோட்டிங்கைத் தேய்க்கிறது என்று பொருள், உடனே நிறுத்திவிடுங்கள். முதல் தடவை துடைத்த பின் சோதனைப் படத்தில் மூலைகளில் தூசி ஒதுங்கி நிற்பது இயல்பு. அது துடைப்பு தோற்றதன் அடையாளம் இல்லை, ஒதுக்கிய குப்பை. காய்ந்ததும் ப்ளோயரால் ஊதினாலே பெரும்பாலும் போய்விடும். இரண்டாவது ஸ்வாபில் பாதியாவது குறையவில்லை என்றால் மூன்றாவதைத் திறக்காதீர்கள்.

கேனில் வரும் காற்று ஏன் கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் இருப்பது திரவமாக்கிய வாயு. கேனைச் சாய்த்தாலோ குலுக்கினாலோ திரவமாகவே பீய்ச்சி, சென்சாரில் உறைபனி மாதிரி படிந்து, ஸ்வாபுக்கும் எளிதில் போகாத கறையாக நிற்கும். கம்ப்ரசர் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் கலந்தே வரும்.

கடையில் கொடுப்பதாக இருந்தால்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் கேமரா பழுதுபார்க்கும் கடைகளில் சென்சார் துடைத்துத் தருகிறார்கள். கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுப்பதில் தயங்க வேண்டியதில்லை. கொடுக்கும் முன் நான்கு விஷயம் கேளுங்கள்: அண்ணே, ஸ்வாப் புதுசா பிரிப்பீங்களா? துடைக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எஃப் 16-இல் ஒரு படம் எடுத்துக் காட்டுவீங்களா? எந்த லிக்விட் போடுறீங்க? ஃபேன் இல்லாத இடத்துல வச்சுதான் செய்வீங்களா? வேலை தெரிந்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார், கேட்காமலே காட்டுவார். கூட்டத்துக்கு நடுவே கவுண்டரிலேயே லென்ஸைக் கழற்றித் துணியை விட்டுத் துடைக்கத் தொடங்கினால், கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஃபில்டருக்கு அடியில் போன தூசி, மூலையில் வலைபோல் பரவும் பூஞ்சை, துடைத்த சில வாரங்களிலேயே அதே இடத்தில் திரும்பும் எண்ணெய், மிதக்கும் சென்சார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது, கோட்டிங்கில் கீறல் ஆகியவற்றுக்கு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர்தான். பூஞ்சையைத் துடைத்தாலும் கோட்டிங்கை அரித்திருந்தால் அந்தத் தடம் போகாது. அதனால் மழைக்காலத்தில் கேமராவை 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் டிரை கேபினட்டிலோ, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவிலோ வைப்பது அவசியம். வாரண்டிக்குள் இருக்கும் கேமராவில் உங்கள் கையால் விழுந்த கீறலுக்கு வாரண்டி பொருந்தாது என்பதையும் மறக்க வேண்டாம்.

கூரியரில் சென்னைக்கு அனுப்புவதாக இருந்தால் பேட்டரி, மெமரி கார்டு, ஸ்டிராப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஊதிச் சுத்தம் செய்த பாடி மூடியைப் போட்டு அனுப்புங்கள். சீரியல் எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனைப் படத்தைப் பிரின்ட் போட்டு, எந்தப் புள்ளி ஸ்வாபுக்கு நகரவில்லை என்று பேனாவால் வட்டமிட்டு, எந்தத் திரவத்தால் எத்தனை முறை துடைத்தீர்கள் என்பதையும் அதிலேயே எழுதி உள்ளே வையுங்கள்.